மாஞ்செஸ்டரின் கரும்பூச்சி

"எழுத்துக்களை அள்ளி வீசினால் காவியம் ஆகிவிடுமா? திடீர் மாறுதலால் உயிரினங்கள் உண்டாயின என்பதும் அப்படிப்பட்ட பேச்சுத்தான்!" என்று மேடைக்கு மேடை சிலர் முழங்குகிறார்கள். கைதட்டலும் கிடைக்கிறது. பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

பதிலைத் தேடி இங்கிலாந்துக்குப் போவோம். பஞ்சாலைகளின் தலைநகராய் விளங்கிய மாஞ்செஸ்டரில் ஓர் அந்துப்பூச்சி உண்டு. வெளுத்த இறக்கை, அதன்மேல் மிளகுப்பொடி தூவியதுபோல் புள்ளிகள். பகலெல்லாம் மரத்தில் ஒட்டிக்கிடக்கும். பட்டையில் படர்ந்த வெளிறிய பாசியோடு நிறம் ஒத்துப்போவதால் பறவையின் கண்ணுக்குத் தப்பிவிடும். 1848-இல் அந்நகரில் முழுக் கறுப்பாய் ஒன்று பிடிபட்டது. 1895-இல் அங்கே நூற்றுக்கு 98 பூச்சிகள் கறுப்பு!

என்ன நடந்தது? ஆலைக் கரி மரங்களின்மேல் படிந்தது, பாசி மடிந்தது, பட்டை கறுத்தது. வெள்ளைப் பூச்சி பளிச்சென்று தெரியவே பறவைகள் கொத்தித் தின்றன. கறுப்பு தப்பிற்று, குஞ்சு பொரித்துப் பெருகிற்று.

அப்படியானால் புகைதான் பூச்சியைக் கறுப்பாக்கியதா? இல்லை, தோழர்களே! படித்தவர்களே சறுக்குகிற இடம் இது. லிவர்ப்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் விடை கண்டார்கள். 'கார்டெக்ஸ்' என்னும் ஜீனுக்குள், சுமார் 22,000 எழுத்து நீளமுள்ள மரபுத்துண்டு ஒன்று இடம்விட்டு இடம் தாவி வந்து நுழைந்துகொண்டது. 1819-ஐ ஒட்டி அது நேர்ந்திருக்கும் என்பது அவர்கள் கணக்கு. அது தற்செயல், மறுக்கவில்லை. ஆனால் ஒன்றை ஊரெல்லாம் ஆக்கியது எது? கரியும் அலகும்! எழுத்தை வீசுகிறவன் ஒருவன். பொருந்தியதை வைத்துக்கொண்டு பொருந்தாததைத் தள்ளுகிறவன் இன்னொருவன். தலைமுறை தலைமுறையாக இந்தப் பொறுக்கல் நடப்பதை மறைத்துவிட்டுத்தான் காவியக் கேள்வி கேட்கிறார்கள்.

1956-இல் பிரிட்டனில் தூய காற்றுச் சட்டம் வந்தது. புகை குறையக் குறையக் கறுப்பும் குறைந்து, இன்று காண்பதே அரிதாகிவிட்டது. பறவைச் சோதனையின்மீது சந்தேகம் கிளப்பினார்கள். கேம்பிரிட்ஜில் மைக்கேல் மஜெரஸ் 2001 முதல் 2007 வரை மீண்டும் செய்து பார்த்தார். பறவைகள்தான் என்று உறுதியாயிற்று.

எதிர்ப்பக்கத்துப் பிழையும் உண்டு. ஹாலந்து நாட்டு ஹ்யூகோ டி வ்ரீஸ், கைவிடப்பட்ட நிலத்தில் வளர்ந்த ஒரு பூச்செடியைப் பார்த்துவிட்டு, ஒரே பாய்ச்சலில் புது இனம் பிறக்கிறது என்று 1901-இல் நூல் எழுதினார். பாய்ச்சல் என்றால் நமக்கு இனிக்கும்தான்! ஆனால் அவர் கண்டவற்றில் பெரும்பாலானவை அந்தச் செடியின் குரோமோசோம்களுக்கே உரிய விசித்திர ஏற்பாட்டின் விளைவு என்று பிறகு தெரிந்தது. குரோமோசோம் இரட்டித்து ஒரேயடியாகப் புது இனம் பிறப்பது செடிகளில் உண்டு. விலங்குகளில் அது அபூர்வம்.

பூச்சிக் கதைதானே என்று பத்திரிகையை மடித்துவிட வேண்டாம். காசநோயாளியின் நுரையீரலில் கோடிக்கணக்கான கிருமிகள். அவற்றில் ஒருசில, மருந்தைக் காணும் முன்பே மாறியிருக்கும். பிரிட்டனில் 1948-இல் வெளிவந்த சோதனையில், ஸ்ட்ரெப்டோமைசின் ஒன்றை மட்டும் கொடுத்தபோது, முதலில் தேறியவர்கள் பலருடைய உடலில் அந்தச் சில கிருமிகளே பெருகி நின்றன. ஆகவேதான் பல மருந்துகளைச் சேர்த்து, மாதக்கணக்கில் தருகிறார்கள். ஒன்றுக்குத் தப்பிய கிருமி மற்றொன்றில் மாட்டும். இருமல் நின்றதென்று பாதியில் நிறுத்துகிறவர், மிச்சக் கிருமிக்கு வழிவிடுகிறார். திடீர் மாறுதலை மேடையில் பரிகசிக்கிறவருக்குக் காசம் கண்டாலும், ஆஸ்பத்திரியில் கொடுப்பது அதே கூட்டு மாத்திரைதான்.