இந்திரா நூயியின் அக்காவுக்குப் பேர் இருக்கிறது!

2025 பிப்ரவரி 3, திங்கட்கிழமை. எனக்குக் காலை ஷிப்ட். அம்மாவுக்கும்தான். அவர் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். நான் எங்கள் வீட்டு ஹாலில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு செய்தி போடுகிறவள். ஒரே வீட்டில் இரண்டு ஷிப்ட், ஒரே மிக்ஸி.

அன்று விடிவதற்குள் லாஸ் ஏஞ்சலிஸில் கிராமி விருதுகள் அறிவிக்கப்பட்டிருந்தன. ஜெயித்தவர்களில் ஒருவர் சென்னையில் பிறந்தவர். பத்தே நிமிடத்தில் செய்தி தட்டினேன். தலைப்பு: `இந்திரா நூயியின் அக்காவுக்கு கிராமி விருது!’ நன்றாகவே ஓடியது. டெஸ்க் குரூப்பில் இரண்டு கைதட்டல் எமோஜிகூட வந்தது.

டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே அம்மா கேட்டார்.

``யாருக்குக் கண்ணு விருது?’’

``பெப்சி கம்பெனியில தலைவரா இருந்தாங்களே இந்திரா நூயி, அவங்க அக்காவுக்கும்மா.’’

``ஏன், அந்தக்காவுக்குப் பேரு வெக்கலியா?’’

சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். எட்டரைக்கு மெஷினில் உட்கார வேண்டும். எனக்குத்தான் அன்று முழுக்க அந்தக் கேள்வி போகவில்லை. தலைப்பை மாற்றவும் இல்லை. நன்றாக ஓடும் தலைப்பை யார் மாற்றுவார்கள்? அதனால் இந்த வாரப் பத்தியை அந்த அக்காவுக்கே கொடுத்துவிடுகிறேன்.

அவர் பேர் சந்திரிகா கிருஷ்ணமூர்த்தி டாண்டன்.

அது என்ன நியூ ஏஜ்?

அவர் விருது வாங்கிய பிரிவின் பெயர் கொஞ்சம் நீளம்: சிறந்த நியூ ஏஜ், ஆம்பியன்ட் அல்லது சான்ட் ஆல்பம். குத்துப்பாட்டு இருக்காது. மெதுவான இசை, நீளமான சுரங்கள், தியானம், மந்திரம். யோகா வகுப்பிலும், பெரிய ஹோட்டல் லிஃப்ட்டிலும், தூக்கம் வராதவர்களின் ஹெட்போனிலும் கேட்குமே, அந்த ரகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பிரிவில் உலகம் அறிந்த பெயர் என்யா. அயர்லாந்துக்காரர். பெயர் தெரியாவிட்டாலும் குரல் தெரிந்திருக்கும். 2013-ல் ஒரு விளம்பரம் வாட்ஸ்அப்பில் சுற்றியது நினைவிருக்கிறதா? பின்னோக்கிப் போகும் இரண்டு வோல்வோ லாரிகளுக்கு நடுவே நடிகர் வான் டாம் காலை அகட்டி நிற்பாரே... பின்னணியில் பாடுவது என்யாதான். `லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ முதல் படத்தில் பாடி ஆஸ்கர் பரிந்துரை வரை போனவரும் இவரே.

1961-ல் டொனகால் மாவட்டத்தின் குவீடோரில் பிறந்தவர். ஆங்கிலம் அல்ல, ஐரிஷ் மொழி புழங்கும் கடலோர ஊர் அது. ஒன்பது பிள்ளைகள் உள்ள இசைக் குடும்பம். அண்ணன், அக்கா, தாய்மாமன்கள் நடத்திய `கிளானட்’ குழுவில் கொஞ்ச காலம் பாடினார். 1982-ல் வெளியே வந்துவிட்டார். அவருடன் நின்றவர்கள் இரண்டே பேர். ஒலிப்பதிவைப் பார்த்துக்கொண்ட நிக்கி ரையன், பாட்டு எழுதும் அவர் மனைவி ரோமா ரையன். அவர்கள் வீட்டிலேயே போய்த் தங்கி, தோட்டத்துக் கொட்டகையை ஸ்டுடியோவாக மாற்றி வேலை செய்தார்கள். கையில் காசில்லை. என்யா தன் சாக்ஸபோனை விற்றார், பிள்ளைகளுக்கு பியானோ டியூஷன் எடுத்தார்.

அந்தக் கொட்டகையில் பிறந்ததுதான் அவருடைய அடையாளமான ஓசை. ஒரே குரலைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது. சில பாடல்களில் நூற்றுக்கணக்கான அடுக்குகள். கோரஸ் போலக் கேட்கும், ஆனால் பாடுவது ஒருத்தர்தான். 1988-ல் வந்த `ஒரினோகோ ஃப்ளோ’ இங்கிலாந்தில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. அதன் பிறகு 1993, 1997, 2002, 2007 என நான்கு கிராமி. நான்கும் இதே நியூ ஏஜ் பிரிவில்.

இவ்வளவுக்கும் என்யா ஒரு கச்சேரிச் சுற்றுப்பயணம்கூடப் போனதில்லை. ஆல்பம் தயாராகும்போதுதான் வெளியே வருவார். 2008-க்கு அடுத்த ஆல்பம் 2015-ல்தான் வந்தது. ஏழு வருடம்! இங்கே ஒரு இசையமைப்பாளர் ஏழு வாரம் சத்தமில்லாமல் இருந்தாலே `என்ன ஆனார்?’ என்று நாங்களே செய்தி போட்டுவிடுவோம்.

(இன்னொன்று. என்யாவின் முதல் ஆல்பங்கள் வந்த அதே காலத்தில் நம் இளையராஜா 1986-ல் `ஹவ் டு நேம் இட்?’, 1988-ல் `நத்திங் பட் விண்ட்’ என்று சினிமாவுக்கு வெளியே இரண்டு ஆல்பங்கள் போட்டார். எந்த அலமாரியில் வைப்பது என்று தெரியாத இசை. முதல் ஆல்பத்தின் பெயரிலேயே அந்தக் கேள்வி இருக்கிறது.)

சாப்பிடாமல் இருந்த பெண்

இப்போது சந்திரிகாவுக்கு வருவோம். 1954-ல் பிறந்தவர். அப்பா வங்கி அதிகாரி. பாட்டு உள்ள வீடுதான், ஆனால் மூத்த பெண்ணைச் சீக்கிரம் கல்யாணம் செய்துகொடுத்துவிட வேண்டும் என்ற எண்ணமும் உள்ள வீடு. சந்திரிகாவுக்குத் தாம்பரத்தில் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படிக்க ஆசை. ஆண்களும் படிக்கும் கல்லூரி, தூரம் வேறு. அம்மா சம்மதிக்கவில்லை. சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் பள்ளிக்கூடத்து கன்னியாஸ்திரி வந்து பேசித்தான் அம்மா இறங்கிவந்தார். பல மேடைகளில் அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கும் கதை இது.

பிறகு நடந்ததெல்லாம் வேகம். அகமதாபாத் ஐ.ஐ.எம். சிட்டி வங்கியில் வேலை, உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த லெபனானில்கூட. அமெரிக்காவில் மெக்கின்ஸி நிறுவனம். அங்கே பங்குதாரர் நிலைக்கு உயர்ந்த முதல் இந்திய அமெரிக்கப் பெண் அவர்தான். 1992-ல் வங்கிகளுக்கு ஆலோசனை சொல்ல சொந்த நிறுவனம். 2015-ல் அவரும் கணவர் ரஞ்சன் டாண்டனும் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரிக்குக் கொடுத்த தொகை 10 கோடி டாலர். அன்றைய கணக்கில் 600 கோடி ரூபாய்க்கு மேல். கல்லூரிக்கே இப்போது டாண்டன் பெயர்தான்.

இதில் பாட்டு எங்கே என்கிறீர்களா? நாற்பதுகளின் நடுப்பகுதிவரை வேலைதான் முன்னால் நின்றது. அப்போதுதான், எல்லாம் இருந்தும் மனசு நிறையவில்லை என்று தோன்ற, தன் வாழ்க்கையில் மிகச் சந்தோஷமாக இருந்த நேரங்கள் எவை என்று யோசித்திருக்கிறார். எல்லாமே பாட்டோடு இருந்த நேரங்கள். சரி என்று மாணவியாகப் போய் உட்கார்ந்தார். வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இருந்த புல்லாங்குழல் மேதை டி.விஸ்வநாதனிடம் கர்நாடக இசை. பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் தம்பி அவர். இந்துஸ்தானி இசையை சுப்ரா குஹாவிடம் படித்தார்.

அடிப்படையிலிருந்து திரும்பத் தொடங்குவது என்ன கஷ்டம் என்று, இருபத்தைந்து வயதில் டூவீலர் ஓட்டக் கற்றுக்கொண்ட எனக்கே தெரியும். கம்பெனித் தலைவர்களுக்குப் புத்தி சொல்கிறவர், குரு முன்னால் சுருதி தப்பித் திட்டு வாங்கத் தயாராக இருக்க வேண்டும்.

2009-ல் முதல் பெரிய ஆல்பம், `சோல் கால்’. மாமனாரின் தொண்ணூறாவது பிறந்தநாளுக்குப் பரிசாகச் செய்தது. எட்டெழுத்து மந்திரமான `ஓம் நமோ நாராயணாய’, எட்டு ராகங்களில். 2011-ல் கிராமி பரிந்துரை கிடைத்தது, விருது கிடைக்கவில்லை. நிறுத்தவில்லை. 2013, 2014, 2017, 2023 என ஆல்பங்கள் வந்துகொண்டே இருந்தன. அதில் ஒன்று காந்தியின் தண்டி யாத்திரை பற்றியது.

2024-ல் `திரிவேணி’. தென்னாப்பிரிக்கப் புல்லாங்குழல் கலைஞர் வௌட்டர் கெல்லர்மேன், செல்லோ வாசிக்கும் எரு மட்சுமோட்டோ, இவர். மூன்று ஆறு சேர்கிற இடத்தின் பெயர். ஏழு பாடல்கள். அந்த ஆண்டு இதே பிரிவில் போட்டியிட்டவர்களைப் பாருங்கள்: அனுஷ்கா சங்கர், பெங்களூரு ரிக்கி கேஜ், ராதிகா வெகாரியா, காலமாகிவிட்ட ஜப்பானிய மேதை ரியூச்சி சகாமோட்டோ. ஐந்தில் நான்கில் இந்தியத் தொடர்பு! எழுபது வயதில், சல்வார் கமீஸில் மேடையேறி விருதை வாங்கினார் சந்திரிகா.

என் சொந்தக் கருத்து: `திரிவேணி’யைவிட எனக்கு அந்த முதல் ஆல்பம்தான் பிடித்திருக்கிறது. `திரிவேணி’ பளபளவென்று இருக்கிறது. `சோல் கால்’ கேட்டால் யாரோ பூஜை அறையில் தனக்குத்தானே பாடுவது போல இருக்கிறது. சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

``வசதி இருக்குது, பாடறாங்க’’

ஞாயிற்றுக்கிழமை அம்மா வெங்காயம் உரிக்கும்போது இரண்டையும் போட்டுக் காட்டினேன். என்யாவுக்கு, ``தொட்டில் ஆட்டற மாதிரி இருக்குது, என்ன பாஷைதான் தெரியல’’ என்றார். சந்திரிகாவுக்குக் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார். ``அவசரமே இல்லாம பாடுது இந்தம்மா.’’

கதையையும் சொன்னேன். நாற்பது வயசுக்கு மேல மறுபடி பாட்டுப் படிச்சாங்க, எழுபதுல விருது வாங்கினாங்க என்று, கொஞ்சம் உற்சாகமாகவே. ஏனென்றால் என் அம்மாவும் பாடுவார். பள்ளிக்கூடத்தில் பாடி வாங்கிய எவர்சில்வர் தட்டு இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதில்தான் நான் தினமும் சாப்பிடுகிறேன். பத்தாவதோடு பனியன் கம்பெனிக்கு வந்தவர், கை மடிக்கிற வேலையில் தொடங்கி டெய்லரானவர். மெஷின் சத்தத்தில் பாடினால் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது.

``அவங்களுக்கு வசதி இருக்குது, பாடறாங்க கண்ணு’’ என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. என்யா சாக்ஸபோன் விற்ற கதையை எடுத்துவிட்டேன்.

``நானுந்தான் என்ற தோட்ட வித்தேன். தையல் மெஷின் வாங்க.’’

இதற்கு என்னிடம் பதில் இல்லை. சந்திரிகாவின் கதையை `மனம் இருந்தால் மார்க்கம் உண்டு’ என்று எழுதுவது சுலபம். அன்று காலை நானும் அப்படித்தான் எழுதினேன். ஆனால் நாற்பத்தைந்தில் அவரிடம் இருந்தது மனம் மட்டுமில்லை. வார இறுதியைத் தனக்கென்று எடுத்துக்கொள்ள முடிகிற நிலையும் இருந்தது. அதை அவர் உழைத்துத்தான் சம்பாதித்தார், மறுக்கவில்லை. என் அம்மாவும் உழைத்துத்தான் சம்பாதிக்கிறார். சனிக்கிழமை சம்பளம், திங்கட்கிழமைக்குள் குழுக் கடனுக்கும் வாடகைக்கும் பிரிந்துவிடும். நேரம் மட்டும் மிஞ்சுவதில்லை.

ஆனால் அம்மா அந்தப் பேச்சை அங்கேயே விடவில்லை. ரெண்டு நாள் கழித்து அவரே ஆரம்பித்தார். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, கோயில் மைதானத்தில் வள்ளிக்கும்மி பயிற்சி தொடங்கப்போகிறார்களாம். கொங்குப் பகுதி முழுக்க இப்போது இந்த அலைதான். மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியைச் சேர்ந்த பத்ரப்பன் ஐயாவுக்கு 2024-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்களே, ஆண்கள் மட்டுமே ஆடிவந்த இந்தக் கும்மியைப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தவர். முருகன் வள்ளியைக் கல்யாணம் செய்த கதையை ஆசிரியர் பாட, வட்டமாகச் சுற்றி ஆட வேண்டும். சிறுசு பெருசு வித்தியாசம் கிடையாது. பழகி முடித்ததும் ஒரே நிறச் சேலையில் அரங்கேற்றம்.

``பின்பாட்டுக்கும் ஆளு வேணுமாமா’’ என்றார், என்னைப் பார்க்காமல்.

பயிற்சி இரவு ஏழு மணிக்கு. அம்மாவுக்கு ஒன்றரை ஷிப்ட், முடிய எட்டரை ஆகும். வாரத்தில் இரண்டு நாள் ஐந்தரைக்கே கிளம்பினால் இரண்டு அரை ஷிப்ட் சம்பளம் போகும். அந்தக் காசை நான் தருகிறேன் என்றேன். ``உன்ற காசு எதுக்கு’’ என்று காலண்டர் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். சூப்பர்வைசரிடம் இன்னும் கேட்கவில்லை.