உபதேர்தல் சொல்லும் ஜோசியம்

நம் நாட்டில் ஒரு சட்டசபை அங்கத்தினர் காலமானால் அவருடைய குடும்பத்தார் துக்கம் அனுஷ்டிக்கிறார்கள். தொகுதிக்கோ அன்று முதல் யோகம் பிறக்கிறது. பல வருஷங்களாகக் குண்டும் குழியுமாய்க் கிடந்த சாலைக்குத் தார் வருகிறது. குழாயில் தண்ணீர் வருகிறது. மந்திரிகளும் வருகிறார்கள், அதுவும் ஒருவர் இருவர் அல்ல, வார்டுக்கு ஒருவராக வருகிறார்கள். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாட்டியின் முழங்கால் வலியைப் பற்றி விசாரிக்கிறார்கள். உபதேர்தல் முடிந்த மறுநாள் பாட்டிக்கு முழங்கால் வலி மட்டும் மிச்சமாகிறது.

இவ்வளவு ஆர்ப்பாட்டமும் ஒரே ஒரு ஸ்தானத்துக்காக! தமிழ்நாட்டுச் சட்டசபையில் ஸ்தானங்கள் 234. அவற்றில் ஒன்று கை மாறியதால் மந்திரிசபை கவிழ்வது மிக அபூர்வம். இருந்தும் கட்சித் தலைவர்கள் தூக்கமிழந்து தவிக்கிறார்கள். உபதேர்தலில் ஜனங்களின் நாடி தெரிகிறது என்பது அவர்களுடைய நம்பிக்கை. நாடி பார்ப்பது நல்ல வழக்கந்தான். ஆனால் வைத்தியர் பிடித்திருப்பது நோயாளியின் கையைத்தானா என்பதில் நமக்குச் சில காலமாகவே சந்தேகம் இருந்து வருகிறது.

ஒரு காலத்தில் நாடி சரியாகவே பேசியது. 1963-ம் வருஷத்தில் அம்ரோஹா, பருக்காபாத், ராஜ்கோட் ஆகிய மூன்று பார்லிமெண்டுத் தொகுதிகளில் உபதேர்தல் நடந்தது. ஆசார்ய கிருபளானி, டாக்டர் லோகியா, மினு மஸானி என்ற மூன்று எதிர்க்கட்சிப் பிரமுகர்களும் வெற்றி பெற்றார்கள். லோக்சபையில் காங்கிரஸுக்கு இருந்த பலத்தைப் பார்த்தால் மூன்று ஸ்தானம் என்பது ஒரு சுண்டைக்காய். ஆனால் முந்தின வருஷத்துச் சீன யுத்தத்தின் காயம் ஆறாத சமயம் அது. கட்சியின் வேர் ஆட்டங் கண்டிருப்பதைக் காமராஜர் கண்டுகொண்டார். பெரிய தலைவர்கள் பதவியை விட்டிறங்கிக் கட்சி வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று யோசனை சொன்னவர், முதலில் தாமே அதைச் செய்தார். அந்த வருஷம் அக்டோபர் 2-ந் தேதி சென்னை முதல் மந்திரி பதவியிலிருந்து விலகினார். தோல்வியைப் படித்துப் பார்த்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தவர்களின் பட்டியல் நம் நாட்டில் மிகச் சிறியது. இவ்வளவு செய்தும் 1967-ல் காங்கிரஸ் சென்னை ராஜ்யத்தை இழந்தது. விருதுநகரில் காமராஜரே தோற்றார். நாடி பார்த்தவுடனே வியாதி குணமாகிவிடும் என்று யாரும் சொல்லவில்லையே!

ஆனால் தமிழ்நாட்டில் உபதேர்தல் என்ற பேச்சு வந்தால் திண்டுக்கல்லைச் சொல்லாமல் தீராது. 1971-ல் தி.மு.க. சட்டசபையில் 184 ஸ்தானங்களைப் பிடித்திருந்தது. 1972 அக்டோபரில் கட்சியை விட்டு விலக்கப்பட்ட எம்.ஜி.ஆர். தமது புதிய கட்சியைத் தொடங்கினார். ஏழு மாதம் கழித்து, 1973 மே 20-ந் தேதி, திண்டுக்கல் பார்லிமெண்டுத் தொகுதியில் உபதேர்தல். புதுக் கட்சிக்குச் சொந்தச் சின்னம் கூடக் கிடையாது. அதன் அபேட்சகர் மாயத்தேவர், எந்தக் கட்சிக்கும் உரிமையாகாத சின்னங்களிலிருந்து இரட்டை இலையைத் தேர்ந்தெடுத்துக் கொண்டார். வாக்குப் பதிவுக்கு ஒன்பது நாள் முன்னதாக 'உலகம் சுற்றும் வாலிபன்' படமும் கொட்டகைகளுக்கு வந்து சேர்ந்தது. பிரசாரத்துக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

பெட்டிகளைத் திறந்தபோது மாயத்தேவருக்குச் சுமார் 2,60,000 ஓட்டு. காமராஜரின் ஸ்தாபன காங்கிரஸ் இரண்டாவதாக வந்தது. ராஜ்யத்தை ஆண்ட தி.மு.க. மூன்றாவதாயிற்று. டில்லியை ஆண்ட இந்திரா காந்தியின் காங்கிரஸோ நான்காவது! கோட்டையில் ஒரு நாற்காலி கூட அன்று அசையவில்லை. பார்லிமெண்டு ஸ்தானந்தானே என்று சமாதானம் சொல்லிக் கொள்ளவும் இடமிருந்தது. 1976 ஜனவரியில் அந்த மந்திரிசபையை டில்லி கலைத்தது. 1977 ஜூனில் தேர்தல் வந்தபோது அ.தி.மு.க.வுக்கு 130 ஸ்தானங்கள் கிடைத்தன. திண்டுக்கல் நான்கு வருஷத்துக்கு முன்பே சொல்லி வைத்த செய்திதான் அது.

இனித் திருமங்கலத்துக்கு வருவோம். 2009 ஜனவரியில் அங்கே நடந்த உபதேர்தலில் நூற்றுக்கு 89 பேர் ஓட்டுப் போட்டார்கள்! ஜனநாயகத்துக்குப் பொற்காலம் வந்துவிட்டது என்று எண்ணத் தோன்றும். உறையில் வைத்து வீடு வீடாகப் பணம் போயிற்று என்று எதிர்க்கட்சிகள் குற்றம் சாட்டின. 'திருமங்கலம் பார்முலா' என்ற சொல் நம் அரசியல் அகராதியில் ஏறிற்று. ஆட்சியிலிருந்த தி.மு.க. 39,266 ஓட்டு வித்தியாசத்தில் ஜயித்தது. தொடர்ந்து கம்பம், இளையான்குடி, திருச்செந்தூர், பென்னாகரம் என்று போன இடமெல்லாம் அதற்கு வெற்றிதான். ஆனால் 2011 பொதுத் தேர்தலில் அதே கட்சிக்குக் கிடைத்தவை 23 ஸ்தானங்கள். திருமங்கலமும் அவற்றில் இல்லை.

பள்ளிக்கூடத்தில் நெடுநாள் இருந்தவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. அரைப் பரீட்சையில் கேள்வித்தாளை முன்கூட்டியே பார்த்துவிட்டு நூற்றுக்கு நூறு வாங்கும் பையன் வாத்தியாரை ஏமாற்றுகிறான்; அவனைவிட அதிகமாக ஏமாறுகிறவர், அந்த மார்க்கை நம்பி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியும் அவன் தகப்பனார்.

இது ஒரு கட்சியின் குற்றம் என்று மற்றவர்கள் மகிழ வேண்டாம். ஜெயலலிதாவின் மறைவால் காலியான சென்னை ராதாகிருஷ்ணன் நகரில் 2017 ஏப்ரலில் நடக்கவிருந்த உபதேர்தலை, பண விநியோகத்தின் காரணமாகத் தேர்தல் கமிஷனே ரத்துச் செய்தது. டிசம்பரில் மறுபடியும் நடந்தபோது, பிரஷர் குக்கர் சின்னத்தில் நின்ற சுயேச்சை அபேட்சகர் தினகரன் 40,707 ஓட்டு வித்தியாசத்தில் ஜயித்தார். ஆளுங்கட்சியான அ.தி.மு.க. தோற்றது. தி.மு.க.வுக்கு டெபாஸிட்டே போயிற்று. அந்த ஜோசியத்தை நம்பியவர்கள் என்ன எதிர்பார்த்திருப்பார்கள்? 2021-ல் தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது, ராதாகிருஷ்ணன் நகரும் அதற்கே கிடைத்தது. தினகரனின் கட்சிக்குச் சட்டசபையில் ஓர் இடமும் இல்லை.

பின்னர் இன்னொரு வழக்கமும் வலுத்தது. தோற்போம் என்று தெரிந்தால் பந்தயத்துக்கே போவதில்லை. 2024 ஜூலையில் விக்கிரவாண்டியிலும் 2025 பிப்ரவரியில் ஈரோடு கிழக்கிலும் பிரதான எதிர்க்கட்சியான அ.தி.மு.க. போட்டியிடாமல் ஒதுங்கி நின்றது. முந்தினதில் தி.மு.க. 67,757 ஓட்டு வித்தியாசத்திலும், பிந்தினதில் 91,558 ஓட்டு வித்தியாசத்திலும் ஜயித்தது. மாலைகள் விழுந்தன, பட்டாசுகள் வெடித்தன. எதிரே ஆளில்லாத கபடி மைதானத்தில் பாடிக்கொண்டு போய்க் கோட்டைத் தொட்டு வந்தவருக்கு எத்தனை மார்க் போடுவதென்று எவ்வளவோ யோசித்தும் நமக்குத் தெரியவில்லை.