கை கொடுக்க வைத்தால் கதை முடிந்துவிடுமா?

சென்ற மாதம் எங்களூர் வாசிப்பு வட்டத்தில் நண்பரொருவர் ஒரு நாவலை மூன்று வசனங்களில் தீர்த்துக் கட்டினார். "மூன்று பாகமும் வாசித்தேன். கதாநாயகன் வில்லனைக் கொல்லவுமில்லை, காதலியைக் கைப்பிடிக்கவுமில்லை. முடிவு திருப்தியில்லை." கூடியிருந்தோர் தலையசைத்தனர். தேநீர் வந்தது. மறுத்துப் பேச எனக்குக் கிடைத்த ஐந்து நிமிடம் போதவில்லை. ஆதலால் இதனை எழுதுகிறேன். நண்பர் கோபிக்கமாட்டார். கோபித்தாலும் அடுத்த இதழில் பதில் எழுதட்டும்.

நாவல், ரொபின் ஹொப் என்ற புனைபெயரில் எழுதும் அமெரிக்கப் பெண் எழுத்தாளருடைய ஃபார்சீயர் முத்தொகுதி. முதற்பாகம் 1995இலும் இரண்டாவது 1996இலும் 'அசாசின்ஸ் குவெஸ்ட்' எனும் கடைசிப் பாகம் 1997இலும் வெளிவந்தன. டோஹாவில் வேலை செய்த என் மச்சான் ஊருக்கு வரும்போது பெட்டிக்குள் போட்டுக் கொண்டுவந்த புத்தகங்கள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு தவணை விடுமுறைகளில் வாசித்து முடித்தேன். அவற்றைத்தான் நண்பரும் என்னிடம் இரவல் வாங்கினார் என்பதையும் இங்கே குறிப்பிட்டு வைக்கிறேன். மூன்றாம் பாகம் இன்னும் திரும்பி வரவில்லை.

ட்ராகனும் மந்திரமும் வருகிற கதையை ஒரு வாத்தியார் வாசிப்பதா என்று முகம் சுளித்தவர்களும் அன்று இருந்தனர். அவர்களுக்கு அதிகம் சொல்லப் போவதில்லை. கிஸ்ஸாவும் படைப்போரும் மசலாவும் நாமாவும் நமது இலக்கியம்தான் என்று விழா மேடைகளில் மார்தட்டுகிறோம். எங்கள் வாப்பும்மா கிஸ்ஸா கேட்டுக்கொண்டே பாய் இழைத்தவர். ஜின் வந்தால் அவர் பயந்தாரே தவிர, இது யதார்த்தவாதமா என்று கேட்டதில்லை.

விடயத்துக்கு வருவோம். ஆறு மாகாணங்களைக் கொண்ட ஒரு கடலோர இராச்சியம். அரசர் ஷ்ரூட். மூத்த மனைவிக்கு இரு புதல்வர்கள், ஷிவல்ரியும் வெரிட்டியும். இளைய மனைவிக்கு ஒருவன், ரீகல். குணங்களையே பிள்ளைகளுக்குப் பெயராக வைக்கிற குடும்பம் அது. வெரிட்டி என்றால் வாய்மை, ரீகல் என்றால் ராஜகம்பீரம். மூத்தவரான ஷிவல்ரிக்கு மணத்துக்கு வெளியே ஒரு மகன் இருப்பது தெரியவந்ததும் அவர் பட்டத்துரிமையைத் துறந்து ஒதுங்கிவிடுகிறார். அந்த மகன்தான் கதை சொல்லும் ஃபிட்ஸ். ஆறு வயதில் கோட்டை வாசலில் கொண்டுவந்து விடப்பட்டு, குதிரை லாயத்தில் பரிச் என்பவரால் வளர்க்கப்பட்டு, அரசருக்காக இரகசியமாக நஞ்சூட்டிக் கொல்லும் தொழிலுக்குப் பழக்கப்படுகிறான்.

மீதியிருப்பது வெரிட்டியும் ரீகலும். "உன் தாயின் இரத்தம் உயர்ந்தது, சிம்மாசனம் உனக்கே உரியது" என்று தாய் ஊட்டி வளர்த்த பிள்ளை ரீகல். முதற்பாகத்தின் இறுதியில் அவன் சகோதரனைக் கொல்ல எடுத்த முயற்சி தோற்கிறது. ஆனால் தண்டனை இல்லை. குடும்ப மானம், அரசியல் தேவை, தந்தையின் பாசம் எல்லாம் சேர்ந்து விடயத்தை மூடிவிடுகின்றன. ஃபிட்ஸுக்குத்தான் "பொறுத்துக்கொள்" என்ற கட்டளை. இரண்டாம் பாகத்தின் அழிவெல்லாம் இந்த மூடி மறைப்பிலிருந்து வருகிறது. வெரிட்டி நாட்டைக் காக்க உதவி தேடி மலைகளுக்குப் போகிறார். ரீகல் அவர் இறந்துவிட்டதாக அறிவித்துப் பட்டத்து இளவரசனாகிறான். கடலோரக் கோட்டையின் சொத்துக்களை உள்நாட்டுக்கு அள்ளிச் செல்கிறான். தந்தையின் உயிரைத் தன் ஆட்களைக் கொண்டு உறிஞ்ச வைக்கிறான். ஃபிட்ஸைச் சிறையிலடைத்து அடித்து நொறுக்குகிறான்.

இவ்வளவையும் வாசித்த ஒருவர் ரீகலின் தலை உருள வேண்டுமென்று எதிர்பார்ப்பது நியாயம். நானும் எதிர்பார்த்தேன். நடப்பது வேறு. ஆளின் மனதுக்குள் தூரத்திலிருந்தே நுழையும் ஓர் ஆற்றல் இக்கதையில் உண்டு. ஃபிட்ஸ் அதைக் கொண்டு ரீகலின் உள்ளே புகுந்து, அரசி கெட்ரிக்கனுக்கும் அவள் வயிற்றுப் பிள்ளைக்கும் மாறாத விசுவாசத்தை அங்கே பதித்துவிட்டு வெளியேறுகிறான். ரீகல் மாறிவிடுகிறான். சூறையாடியதைத் திருப்பிக் கொடுக்கிறான். அரசிக்கு முன் பணிகிறான். சில மாதங்களில் ஒரு சிறு விலங்கு, ஒரு கீரியளவுப் பிராணி, படுக்கையில் அவனைக் கடித்துக் கொன்றுவிடுகிறது. அதன் மனிதத் தோழனைக் கொன்றவன் ரீகல். அந்தப் பிராணி தன் கணக்கைத் தானே தீர்த்துக்கொள்கிறது.

இதைத்தான் நண்பர் 'சப்பென்ற முடிவு' என்றார். இந்த முத்தொகுதியில் ஆகப் பயங்கரமான இடம் இதுதான் என்பது என் வாதம்.

ஏனென்று சொல்கிறேன். இக்கதையில் எதிரிகள் கடற்கொள்ளையர். அவர்கள் கரையோர ஊரொன்றில் ஆட்களைப் பிடித்துச் சென்று விடுக்கும் மிரட்டல் விசித்திரமானது. கப்பம் தராவிட்டால் கொன்றுவிடுவோம் என்றல்ல, திருப்பி அனுப்பிவிடுவோம் என்கிறார்கள்! திரும்பி வந்தவர்களுக்கு உருவம் இருக்கும், பெயர் இருக்கும். பாசம், வெட்கம், இரக்கம் எதுவும் இராது. தாய் பிள்ளையை அறியாள். கொள்ளையர்களுக்கு இது எங்கிருந்து வந்தது என்பது கடைசிப் பாகத்தின் இறுதியில்தான் தெரிகிறது. முன்னொரு காலத்தில் இந்த இராச்சியத்தைக் காத்த கல் ட்ராகன்கள் பறந்து போகும்போது கீழே இருந்தோரின் நினைவுகளை உறிஞ்சின. அந்த அநியாயத்துக்கு உள்ளானவர்களின் பழிவாங்கல் இது. அதே ட்ராகன்கள்தான் மறுபடி எழும்பி வெற்றி தேடித் தருகின்றன.

இப்போது ஃபிட்ஸ் ரீகலுக்குச் செய்ததைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவனுக்குள் இருந்ததை எடுத்துவிடுவது கொடுமையென்றால், இல்லாததைக் கொண்டுபோய் வைப்பது என்ன? ரீகல் வருந்தவில்லை. வருந்துகிற ஒருவனை அவனிடத்தில் வைத்துவிட்டார்கள். எல்லோருக்கும் அது வசதியாயிற்று. ஆசிரியை இதைப் பிரசங்கமாகச் சொல்லாமல் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறார். நண்பர் இரண்டுக்குமிடையே நின்று பார்க்காமல் தாண்டிவிட்டார்.

எனக்கு இந்த இடம் உறைத்ததற்குச் சொந்தக் காரணமும் உண்டு. மறைப்பானேன். வாப்பா மௌத்தான பின் இரண்டு ஏக்கர் வயலில் எனக்கும் நானாவுக்கும் பிணக்கு. நான்கு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. பிறகு ஊர்ப் பெரியவர்கள் எங்களை ஒரு வீட்டு விறாந்தையில் உட்கார வைத்தார்கள். யார் பக்கம் நியாயம் என்று ஒருவரும் கேட்கவில்லை. "உம்மா உயிரோடு இருக்கும்போதே கை கொடுத்துக் கொள்ளுங்கள்" என்றார்கள். கொடுத்தோம். ஈச்சம்பழம் பரிமாறினார்கள். நானா என் தோளில் கைவைத்து, "தம்பி, பிள்ளைகளெல்லாம் சுகமா?" என்றார். அந்தக் கை அவருடையதல்ல என்று எனக்கு அப்போதே தெரிந்தது. என்னுடைய கையும் அப்படித்தான். இன்றும் பெருநாளைக்கு வருவார். மழை, உரவிலை, யானை வந்து போனது பற்றிப் பேசுவோம். வயல் பற்றிப் பேசுவதில்லை. ஊரில் எங்களை நல்ல முடிவுக்கு உதாரணமாகச் சொல்கிறார்கள்.

நண்பருடைய பக்கமும் சில நியாயங்கள் உள. மூன்றாம் பாகத்தின் மலைப் பயணம் நீளம். நடுவில் நானே இரண்டு தடவை புத்தகத்தை மூடி வைத்தேன். அவ்வளவு நடக்க வைத்தவர், கடைசியில் ட்ராகன்கள் பறந்து கொள்ளையரை விரட்டும் போரைச் சில பக்கங்களில் அவசர அவசரமாக முடிக்கிறார். ரீகலுக்கும் இன்னும் கொஞ்சம் உட்புறம் தந்திருக்கலாம். இரண்டாம் பாகத்தில் அவன் சில இடங்களில் நாடகமேடை வில்லனாகிவிடுகிறான். அவன் தந்தையிடம் எதை வேண்டி நின்றான் என்று ஒரேயொரு அத்தியாயமாவது சொல்லியிருந்தால் கடைசி மனமாற்றம் இன்னும் கனத்திருக்கும்.

ஆனால் வெரிட்டியின் முடிவைக் குறை சொல்ல விடமாட்டேன். மற்றச் சகோதரன் பறித்தெடுத்தவன் என்றால் இவர் கொடுத்துத் தீர்ந்தவர். கல்லில் ட்ராகனைச் செதுக்குவது உளியால் மட்டும் ஆகிற காரியமல்ல. நினைவுகளை ஒவ்வொன்றாக அதற்குள் ஊற்ற வேண்டும். ஃபிட்ஸும் கெட்ரிக்கனும் அவரைக் கண்டுபிடிக்கும்போது ஏற்கனவே பாதி மனிதர் கல்லுக்குள் போய்விட்டார். மனைவி அத்தனை மலைகளைக் கடந்து வந்து நிற்கிறாள். அவளை அணைப்பதற்குத் தேவையான உணர்வையும் கல்லுக்காகச் சேமிக்கிறார். கடைசியில் ட்ராகன் எழும்புகிறது, நாடு பிழைக்கிறது, வெரிட்டி இல்லை. நாடு பிழைத்ததே, பின்னென்ன என்று கேட்பவர் கெட்ரிக்கனின் பக்கத்திலிருந்து ஒரு தடவை வாசித்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது காதலி விவகாரம். ஃபிட்ஸ் இறந்துவிட்டதாக நம்பிய மொலி, தன் குழந்தையைக் காக்க வந்த பரிச்சோடு வாழ்வைச் சேர்த்துக்கொள்கிறாள். அவனை வளர்த்தவரே அவன் பிள்ளைக்கும் தந்தையாகிறார். தான் உயிரோடிருப்பதை அறிவித்தால் மூன்று பேருடைய வாழ்க்கை உடையும் என்று ஃபிட்ஸுக்குத் தெரியும். அறிவிக்காமலே இருந்துவிடுகிறான். ஒரு குடிசை, ஓர் ஓநாய், எழுதக் கொஞ்சம் தாள். இதில் திருப்தியில்லை என்பவர், ஃபிட்ஸுக்குத் திருப்தியில்லை என்பதையும் நாவலுக்கு நிறைவில்லை என்பதையும் ஒன்றாகக் குழப்புகிறார். டோல்கீனின் மூன்றாம் பாகத்திலும் (1955) நாட்டைக் காத்த ஃப்ரோடோ சொந்த ஊரில் நிம்மதியாக இருக்க முடியாமல் கப்பலேறிப் போய்விடுகிறான். அதை யாரும் சப்பென்றதாகக் கேட்டதில்லை.

கல்யாணம் கேட்டவர்களுக்கு ஹொப் பின்னொரு முத்தொகுதியில், 2003இல் வந்த அதன் இறுதிப் பாகத்தில், அதையும் கொடுத்தார். பரிச் இறந்து, ஃபிட்ஸ் மொலியை அடைந்து, வீடும் விளக்குமாய் முடிந்தது. பிறகு அவரே 2014இல் அந்த வீட்டுக் கதவைத் திறந்து இன்னொரு முத்தொகுதி எழுதத் தொடங்கினார். 2017இல் முடித்தபோது ஃபிட்ஸும் கல்லுக்குள்தான் போனான். சுபமாய் முடிந்ததைத் திறக்க வேண்டி வந்தது. 1997இன் முடிவோ இன்றைக்கும் தன் காலில் நிற்கிறது. இது என் அபிப்பிராயம். மாற்றுக் கருத்துக்கு இடமுண்டு.

நமது பக்கங்களுக்கும் இதில் வேலையிருப்பதால்தான் இவ்வளவு சூடாக எழுதுகிறேன். நமது சிறுகதைகளில் சண்டையிட்ட சகோதரர்கள் கடைசிப் பந்தியில் கட்டாயம் கட்டித் தழுவுவார்கள். யார் தழுவ வைக்கிறார்கள்? எழுதுகிறவர். ஃபிட்ஸ் ரீகலுக்குச் செய்ததையே செய்கிறார். ஆனால் ஃபிட்ஸுக்கு இருந்த உறுத்தல் இவருக்கு இருப்பதில்லை.

நானும் இதில் சுத்தமானவனல்ல. சில வருடங்களுக்கு முன் பத்தாம் தரத்தில் படித்த மாணவி ஒருத்தி வலய மட்டச் சிறுகதைப் போட்டிக்கு ஒரு கதை எழுதித் தந்தாள். ஒரே வளவுக்குள் இரண்டு சகோதரர்கள், நடுவே வேலி, ஒரு கிணறு. தம்பியின் பிள்ளை தண்ணீர் அள்ள வருகிறது. பெரியவாப்பா வாளிக் கயிற்றைப் பிடித்துக் கொடுக்கிறார். பேசவில்லை. அவ்வளவுதான் கதை. "முடிவில்லையே மகள்" என்று சொல்லி, சகோதரர்கள் வேலியைப் பிடுங்கிப் போடுவதாக ஒரு பந்தி சேர்க்க வைத்தேன். மறுபேச்சில்லாமல் எழுதினாள். முதற்பரிசு கிடைத்தது. காலைக்கூட்டத்தில் கைதட்டினோம். சான்றிதழை வாங்கிக்கொண்டு என்னிடம் வந்து, "சேர், அந்தக் கடைசிப் பந்தி நீங்க சொன்னதுதானே" என்றாள். குறையாகச் சொன்னாளா நன்றியாகச் சொன்னாளா என்று முகத்தில் தெரியவில்லை. அடுத்த வருடம் போட்டிக்குக் கதை கேட்டபோது, தனக்குக் கட்டுரைதான் வரும் என்றாள்.