இல்லமும் விஞ்ஞானமும்: குறிப்பில்லா மின்மாற்றி

மும்பை லாமிங்டன் சாலையிலும் தில்லி லஜபதராய் சந்தையிலும் பழைய டிரான்ஸ்பார்மர்கள் மலிவாகக் கிடைக்கின்றன. நம் இல்லத்துப் பிள்ளைகள் ஒலிபெருக்கி அமைக்கவும் பாட்டரிக்கு மின்னேற்றவும் அவற்றை வாங்கி வருகின்றனர். பலவற்றில் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்னும் குறிப்பே இராது. இரவெல்லாம் வீட்டில் இயங்கக்கூடிய பொருளின் வலிமையை அறியாது பயன்படுத்துதல் தகாது.

மின்மாற்றியின் பகை வெப்பமே. மின்னோட்டம் இருமடங்கானால் கம்பியில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும். கம்பியின் பூச்சு கருகினால் சுற்றுகள் ஒன்றோடொன்று கூடிவிடும், தீயும் மூளலாம்.

முதலில் இரும்பை அளப்போம். நடுக்காலின் அகலத்தையும் தகடுகளின் அடுக்குக் கனத்தையும் செண்டிமீட்டரில் பெருக்குக. நடுக்கால் மறைந்திருப்பின் ஓரக்காலின் அகலத்தை இருமடங்காகக் கொள்க. அகலம் 2.5, கனம் 3 எனில் பரப்பு 7.5. அதனை 1.2 ஆல் வகுத்தால் 6.25, இதனை இதனாலேயே பெருக்கினால் ஏறக்குறைய 39. நம் நாட்டு 50 சுழற்சி மின்சாரத்தில் இதுவே தோராயமான வோல்ட்-ஆம்பியர். 12 வோல்ட் சுற்று ஒன்றே இருப்பின் சுமார் 3.2 ஆம்பியர் பெறலாம்.

அடுத்துக் கம்பியை நோக்குவோம். 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள செப்புக்கம்பி சுமார் 2 ஆம்பியர் தாங்கும். சுற்றின் கம்பியையே அளத்தல் வேண்டும். வெளியே நீளும் உறையிட்ட வயரை அளப்பதாற் பயனில்லை. இரு கணக்குகளுள் சிறியதையே கொள்க.

இறுதித் தீர்ப்பு சூட்டினுடையது. குளிர்ந்த நிலையில், பிளக்கைக் கழற்றியபின், 230 வோல்ட் சுற்றின் தடையை அளந்து குறித்துக்கொள்க. அம்மின்னோட்டத்தில் மூன்று மணி நேரம் அருகிருந்து இயக்கி, பிளக்கைக் கழற்றியவுடன் மீண்டும் அளக்க. 50 ஓம் 60 ஓம் ஆகியிருப்பின் செம்பு ஏறக்குறைய 50 டிகிரி சூடேறியுள்ளது. தில்லியின் கோடையில் அறையே 40 டிகிரி; ஆக உள்ளே 90. சாதாரணப் பூச்சுக்கு 105 டிகிரியே எல்லையாதலால், இதற்கு மேல் சுமை ஏற்றலாகாது.

டையோடுகளும் கண்டென்சரும் சேர்த்து நேர்மின்சாரம் பெறுவோர், கணக்கில் வந்த ஆம்பியரில் பத்தில் ஆறு பங்கே எடுத்தல் வேண்டும், 3.2 என்பது 1.9 ஆகிவிடும்.

முதன்முறை மின்சாரம் தருங்கால் 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணைக்க. சுமையின்றியே பல்பு பிரகாசமாக எரியுமாயின் உட்சுற்று கெட்டது, அதனை ஒதுக்கிவிடுக. பியூஸ் இன்றி எதனையும் இயக்கற்க. இச்சோதனைகளைப் பிள்ளைகள் தனியே செய்யாது பெரியோர் உடனிருந்து செய்விப்பாராக. ஐயம் நீங்காவிடில், குறிப்புப் பொறித்த புதியதொன்றை வாங்குதலே நன்று.