மாலுமி உரிமச் சீர்திருத்தம்: தூத்துக்குடிக் கரையின் நிலைப்பாடு

வணிகக் கப்பல்களில் பணிபுரியும் மாலுமிகளுக்கு உரிமம் வழங்கும் முறை நவீனமாக வேண்டும் என்பதில் தூத்துக்குடிக் கடலோடிகளுக்காகப் பேசும் இவ்வமைப்புக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் காகித விண்ணப்பம் கணினி விண்ணப்பமாக மாறிவிட்டால் வேலை முடிந்தது என்று கொள்ளும் பார்வையை அது ஏற்கவில்லை. ஒருவர் கடலில் கழித்த காலத்தையும் அங்கே பெற்ற திறனையும் அரசு சரிபார்த்து ஒப்புக்கொள்வதே உரிமம் என்பதால், யாருடைய கடற்காலம் கணக்கில் சேர்கிறது, அவருடைய திறன் எங்கே, எம்மொழியில் சோதிக்கப்படுகிறது என்னும் கேள்விகளுக்கான விடை மாறாதவரை, மாறியிருப்பது படிவத்தின் தோற்றம் மட்டுமே. 1958ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டத்துக்கு மாற்றாகப் புதிய சட்டம் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநர் என்றிருந்த பதவி அதில் கடல்சார் நிர்வாகத் தலைமை இயக்குநர் என்று பெயர் பெற்றது. சட்டத்தைவிட அதன் கீழ் எழுதப்படும் விதிகளே மாலுமியின் அன்றாடத்தைத் தீர்மானிப்பவை. அவ்விதிகளைக் கருத்தில் கொண்டே, தூத்துக்குடித் துறைமுகத்தையும் அதைச் சூழ்ந்த முத்துக்குளித்துறைக் கரையையும் சார்ந்த கடலோடிகளின் சார்பில் இந்நிலைப்பாடு முன்வைக்கப்படுகிறது.

இன்று ஒரு மாலுமி கப்பலேற வேண்டுமானால் ஒற்றை உரிமம் போதாது. ஓர் ஆவணக் கட்டே வேண்டும். இந்திய மாலுமிகளின் தேசியத் தரவுத்தளத்தில் அவருக்கு வழங்கப்படும் இன்டோஸ் எண் அதில் முதலாவது. அடுத்தது, கரையில் எல்லோரும் சி.டி.சி. என்று சொல்லும் ஏடு. எந்தக் கப்பலில் என்று ஏறினார், என்று இறங்கினார் என்பது முத்திரையோடு பதியப்படும் இந்த ஏடு பத்தாண்டுகளுக்குச் செல்லும். அதிகாரி நிலையில் இருப்பவருக்கு இவற்றோடு தகுதிச் சான்றிதழும் வேண்டும். அது ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டியது, அந்த ஐந்தாண்டில் பொதுவாக 12 மாதக் கடற்பணியாவது காட்டப்பட வேண்டியது. மாலுமிகளின் பயிற்சி, சான்றளிப்பு, காவற்பணி ஆகியவற்றுக்கான தரங்களை வகுக்கும் பன்னாட்டு உடன்படிக்கை, அதாவது 1978இல் உருவாகி 1995இலும் 2010இலும் பெரிதும் திருத்தப்பட்ட எஸ்.டி.சி.டபிள்யூ., உயிர்தப்பும் முறை, தீத்தடுப்பும் தீயணைப்பும், முதலுதவி, தன்பாதுகாப்பும் சமூகப் பொறுப்பும் என்னும் நான்கு அடிப்படைப் பயிற்சிகளை எல்லோருக்கும் கட்டாயமாக்கியிருக்கிறது. இவற்றோடு மருத்துவச் சான்றும் வேண்டும்; அது இரண்டாண்டுக்கு மேல் செல்லாது.

இவ்வாவணங்கள் தனித்தனி நாள்களில் காலாவதியாகின்றன என்பதே இந்தக் கட்டின் பெருங்குறை. கப்பலேற அழைப்பு வரும்போது சில நாள் அவகாசமே இருக்கும். ஏதேனும் ஒரு தாள் அந்த வாரத்தில் காலாவதியாகியிருந்தால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2009இல் உரிமம், மாலுமி ஆவணம், பதிவுச் சான்று, எஸ்.டி.சி.டபிள்யூ. மேலொப்பம் என்று தனித்தனியாக இருந்தவற்றை ஒரே ஏட்டில் இணைத்தது. இந்தியாவிலும் இன்டோஸ் எண்ணை அடிப்படையாகக் கொண்ட ஒரே ஏடும், மருத்துவச் சான்று நீங்கலாக எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே புதுப்பிப்பு நாளும் வர வேண்டும் என்பது இவ்வமைப்பின் முதல் கோரிக்கை.

மின்னணுச் சான்றிதழ்களுக்கு இப்போது பன்னாட்டு ஒப்புதலும் உண்டு. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் கடற்பாதுகாப்புக் குழு 2023 ஜூனில் ஏற்ற திருத்தம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்ததால், திரையில் காட்டப்படும் சான்றை வெளிநாட்டுத் துறைமுக அதிகாரி ஏற்பதற்கு இனித் தடையில்லை. இது வரவேற்கத்தக்கது. ஆயினும் கடற்காலத்தைத் தரவுத்தளத்தில் பதிவதைக் கப்பல் நிறுவனத்திடம் மட்டுமே விட்டுவிட்டால், உரிமையாளர் கப்பலையும் ஆட்களையும் அயல்துறைமுகத்தில் கைவிட்டுப் போகும் நிலையில், சம்பளத்தை இழந்த மாலுமி அந்தப் பயணத்தின் கடற்காலத்தையும் சேர்த்து இழப்பார். ஆகவே கடவுச்சீட்டு முத்திரை, பணியமர்த்தல் ஒப்பந்தம் போன்ற சான்றுகளோடு மாலுமியே தம் பணிக்காலத்தைப் பதியவும், அதைக் குறிப்பிட்ட நாள்களுக்குள் அரசு சரிபார்க்கவும் வழி இருக்க வேண்டும்.

அடையாளப் பதிவைப் பொறுத்தவரை, சிக்கல் தொழில்நுட்பத்தில் இல்லை, தொலைவில் இருக்கிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 185ஆம் உடன்படிக்கைப்படி மாலுமிகளுக்கு உயிரியளவு அடையாள அட்டை வழங்கும் திட்டத்தை இந்தியா தொடங்கியபோது, விரல்ரேகைக்கும் கருவிழிக்கும் பதிலாக முகப்பதிவைத் தேர்ந்தது. வடம் இழுத்தும் உப்பில் ஊறியும் ரேகை தேய்ந்த கைகளை அறிந்தவர்களுக்கு இது நல்ல முடிவு என்பது சொல்லாமலே விளங்கும். ஆனால் 2020இல் அறிவிக்கப்பட்ட ஒன்பது பதிவு மையங்கள் மும்பை, கொல்கத்தா, சென்னை, நொய்டா, கோவா, புதுமங்களூர், கொச்சி, விசாகப்பட்டினம், காண்ட்லா ஆகிய இடங்களில் அமைந்தன. கடலே இல்லாத நொய்டா இடம்பெற்ற அப்பட்டியலில், 1974 முதல் பெருந்துறைமுகமாக இருக்கும் தூத்துக்குடி இடம்பெறவில்லை. வணிகக் கடல்துறையின் அலுவலகம் இங்கே இருந்தும், முகத்தைப் படம் பிடிக்கச் சில நிமிடமே எடுக்கும் ஒரு வேலைக்காக முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஓர் இரவு பயணம் செய்து சென்னைக்குப் போய், மறுநாள் இரவு திரும்ப வேண்டும் என்பது நவீனமாக்கலின் பொருளாக இருக்க முடியாது. இங்கே ஒரு பதிவு மையம் திறக்க வேண்டியது ஓர் அறையும் ஒரு கருவியும் பயிற்சி பெற்ற இருவருமே.

அரசு கரையைத் தேடி வருவது இங்கே புதுமையும் அன்று. முத்துக்குளிப்பு அரசின் ஏகபோகமாக இருந்த காலத்தில், பார்கள் எனப்படும் கடலடித் திட்டுகளில் சிப்பி முதிர்ந்திருக்கிறதா என்று முன்கூட்டியே ஆய்வு செய்து, விளைச்சல் உண்டென்று தெரிந்த ஆண்டில் மட்டும் அதிகாரிகள் கரையிலேயே முகாமிட்டனர். தோணிகளும் குளியாளிகளும் அங்கேயே பதிவாயினர். கொட்டு என்று அழைக்கப்பட்ட வேலியிட்ட இடத்தில் சிப்பி எண்ணப்பட்டு, அரசுக்கு மூன்றில் இரண்டும் குளியாளிகளுக்கு மூன்றில் ஒன்றுமாக அன்றன்றே பங்கிடப்பட்டது. அந்தப் பங்கீடு நியாயமானதா என்பது வேறு விவாதம். 1955க்கும் 1961க்கும் இடைப்பட்ட குளிப்புகளோடு அந்நடைமுறை நின்றுபோயிற்று. வருவாய் கிடைக்கும் என்றால் கூடாரமடித்துக் கரையில் உட்கார முடிந்த நிர்வாகத்துக்கு, மாலுமிகளைப் பதிவு செய்வதற்காக அவ்வாறு உட்கார முடியாது என்பதற்குக் காரணம் எதுவும் இல்லை.

இந்நிலைப்பாட்டின் மையம் தோணித் தொழிலாளர்களைப் பற்றியது. ஆழ்கடல் துறைமுகம் வருவதற்கு முன், கப்பல்கள் கரையிலிருந்து பல கல் தொலைவில் நங்கூரமிட, அவற்றுக்கும் கரைக்கும் இடையே சரக்கு ஏற்றி இறக்கியவை தூத்துக்குடித் தோணிகள். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் இலட்சத்தீவுக்கும் சரக்கு கொண்டு சென்றவையும் அவையே. இன்று எஞ்சியிருக்கும் தோணிகளில் எஞ்சினும் ஜி.பி.எஸ். கருவியும் உண்டு, பழைய துறைமுகத்திலிருந்து காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிக்கொண்டு அவை மாலே வரை திறந்த கடலில் போய் வருகின்றன. பயணத்துக்குத் தலைமை தாங்குபவர் தண்டல். 1958ஆம் ஆண்டுச் சட்டமே தண்டல் என்ற பொறுப்பைப் பாய்க்கலத்தின் தலைவருக்குரியதாக ஏற்றுக்கொண்டிருந்ததோடு, கலத்தில் பணிபுரிவோரின் பெயர், ஊதியம், பணி தொடங்கிய நாள், நெருங்கிய உறவினர் ஆகிய விவரங்கள் அடங்கிய பட்டியலைத் தண்டலோ உரிமையாளரோ வைத்திருக்க வேண்டும் என்றும் விதித்திருந்தது.

இருந்தும், பத்தாண்டு காலம் மாலேக்குத் தோணி ஓட்டிய ஒருவர் வணிகக் கப்பலில் கடைநிலை மாலுமியாகச் சேர விரும்பினால், கடலையே பார்த்திராத ஓர் உள்நாட்டு இளைஞர் நிற்கும் அதே படியில்தான் நிற்க வேண்டும். பெரும்பாலும் அந்தப் படியிலும் நிற்க முடியாது. பொதுப்பணி மாலுமிக்கான, அதாவது மேல்தளத்திலும் எஞ்சின் அறையிலும் வேலை பார்க்கும் ஜி.பி. ரேட்டிங் எனப்படும் பணிக்கான முன்பயிற்சியில் சேர, பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் ஆங்கிலத்தில் 40 விழுக்காடு மதிப்பெண்ணும் வேண்டும். வயது பொதுவாகப் பதினேழரைக்குக் குறையாமலும் 25க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். முப்பது வயதுத் தோணித் தொழிலாளிக்கு முன்னால் கதவு அடைபட்டிருக்கிறது. நீவாடு எனப்படும் கடல் நீரோட்டத்தைப் பற்றிய அவருடைய அறிவும், காற்று கச்சானா (மேல்காற்றா) கொண்டலா (கீழ்காற்றா) என்று பார்த்துப் பாயையும் சரக்கையும் ஒழுங்குபடுத்தும் பழக்கமும் எந்த ஏட்டிலும் பதிவாகவில்லை.

எஸ்.டி.சி.டபிள்யூ. உடன்படிக்கையின் மூன்றாம் விதி, போர்க்கப்பல்கள், மீன்பிடிக் கலங்கள், வணிகத்தில் ஈடுபடாத உல்லாசப் படகுகள் ஆகியவற்றோடு பழைய முறையில் கட்டப்பட்ட மரக்கலங்களையும் தன் வரம்புக்கு வெளியே விட்டிருக்கிறது. தோணிகள் இந்த விலக்கின் கீழ் வருவதால், அவற்றில் கழிந்த காலம் உடன்படிக்கையின் கணக்கில் தானாகச் சேராது. ஆனால் விலக்கு கலத்துக்கே உரியது. அக்கலத்தில் வேலை செய்தவரின் திறனை ஓர் அரசு மதிப்பிடக் கூடாது என்று அவ்விதி எங்கும் சொல்லவில்லை. அதே உடன்படிக்கையின் ஒன்பதாம் விதி, பயிற்சிக்கும் கல்விக்கும் இணையான மாற்று ஏற்பாடுகளை உறுப்பு நாடுகள் செய்துகொள்ள இடம் தருகிறது. காவற்பணியில் பங்கேற்கும் மேல்தள மாலுமிக்கு அது வகுத்திருக்கும் வயது வரம்பு 16க்குக் குறையாமை மட்டுமே. மேல்வரம்பு ஏதும் இல்லை. 25 என்ற கோடு உள்நாட்டு விதி கிழித்தது. அதைத் திருத்த எந்த வெளிநாட்டின் சம்மதமும் தேவையில்லை.

ஆகவே இவ்வமைப்பு கோருவது சலுகை அன்று, ஓர் ஏணி. தோணிப் பட்டியலில் பதிவான பணிக்காலத்தை இன்டோஸ் எண்ணோடு இணைப்பது அதன் முதல் படி. குறிப்பிட்ட ஆண்டுகள் அவ்வாறு பணி செய்தவர்களுக்கு மேல்வயது வரம்பை நீக்கி, நான்கு அடிப்படைப் பயிற்சிகளையும் குறையின்றிக் கொடுத்து, அதன்பின் செயல்முறைத் தேர்வில் அமர்த்துவது இரண்டாவது. தேர்ந்தவர், உடன்படிக்கை கேட்கும் கடற்பணியைப் பெரிய கப்பலில் முடித்துக் காவற்பணி மாலுமிச் சான்றைப் பெறுவார். திறமையும் விருப்பமும் உள்ள தண்டல்கள், என்.சி.வி. எனப்படும் அண்மைக் கடல் பயணத்துக்கான அதிகாரிச் சான்றிதழ்வரை செல்லும் வழியும் விதியிலேயே எழுதப்பட வேண்டும். அவ்வகைச் சான்றிதழ் ஏற்கெனவே நடைமுறையில் இருப்பதுதான்.

இதற்கு எழக்கூடிய எதிர்ப்பு எளிதில் தள்ளத்தக்கது அன்று. இந்திய மாலுமிகள் பெரும்பாலும் வெளிநாட்டுக் கொடியேந்திய கப்பல்களில் வேலை செய்பவர்கள். அந்நாடுகள் இந்தியச் சான்றிதழை ஏற்பதால்தான் அவர்களுக்கு வேலை கிடைக்கிறது. எங்கேனும் தரம் தளர்ந்தது என்ற ஐயம் எழுந்தால், இழப்பு தோணிக்காரரோடு நிற்காமல் எல்லா மாலுமிகளையும் தொடும். இக்காரணத்தால், பயிற்சி நாள்களைக் குறைப்பதையோ, தீயணைப்புத் தேர்வைத் தளர்த்துவதையோ, மருத்துவச் சோதனையில் நிறப்பார்வைத் தகுதியை விட்டுக்கொடுப்பதையோ இவ்வமைப்பு ஏற்காது. நுழைவாயிலை அகலப்படுத்துவதும் தேர்வைத் தளர்த்துவதும் வெவ்வேறு செயல்கள். முன்னதை மறுப்பதற்குப் பின்னதைக் காரணமாகக் காட்டும் வழக்கம் நெடுநாளாக இருந்துவருகிறது.

மொழியிலும் இதே வேறுபாடு பொருந்தும். சுக்கான் பிடிப்பவருக்குக் கட்டளை ஆங்கிலத்தில் வரும். அதைப் புரிந்துகொள்ளாதவரைக் கப்பலில் ஏற்றுவது அவருக்கும் மற்றவர்களுக்கும் ஆபத்து. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2001இல் ஏற்ற தரப்படுத்திய கடல்சார் தொடர்களைத் தேர்வில் கேட்பது சரியானது. இன்னும் கடுமையாகவே கேட்கலாம். ஆனால் உயிர்காப்புப் படகை இறக்கும் முறையை ஒருவர் அறிவாரா என்பதை ஆங்கில வினாத்தாளைக் கொண்டு அளந்தால், அளக்கப்படுவது அவருடைய வாசிப்புத் திறனே. கடைநிலை மாலுமிகளுக்கான பாதுகாப்பு அறிவைத் தமிழில் வாய்மொழியாகவும் செய்து காட்டச் சொல்லியும் சோதித்து, ஆங்கிலத் தொடர்களைத் தனிப் பாடமாகச் சோதிப்பதே நேர்மையான முறை.

முகவர்களைப் பற்றியும் ஒன்று கூற வேண்டியிருக்கிறது. இந்தியா 2015இல் ஏற்ற கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி, வேலை தேடித் தருவதற்காக மாலுமியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. மருத்துவச் சான்று, மாலுமி ஏடு, கடவுச்சீட்டு ஆகியவற்றின் செலவு மட்டுமே அவருடையதாகலாம். ஆயினும், முறையான வழி தொலைவாகவும் குழப்பமாகவும் இருக்கும்வரை, வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் முடித்துத் தருவதாகச் சொல்லும் இடைத்தரகருக்கே கடலோர ஊர்களில் செல்வாக்கு இருக்கும். போலிச் சான்றிதழ்கள் உருவாவதும் அந்த இடைவெளியில்தான். கைது நடவடிக்கைகளைவிட, பழைய துறைமுகத்தருகே திறந்திருக்கும் ஓர் உதவி மையமும், உரிமம் பெற்ற பணியமர்த்தல் நிறுவனங்களின் தமிழ்ப் பட்டியலும் இதில் கூடுதலாகப் பயன்படும்.

மேற்கூறியவற்றை நிறைவேற்றப் புதிய நிறுவனம் எதையும் தூத்துக்குடியில் கட்ட வேண்டியதில்லை. வணிகக் கடல்துறை அலுவலகத்தில் உயிரியளவுப் பதிவு மையத்தைத் திறக்கலாம்; பயிற்சியையும் செயல்முறைத் தேர்வையும் இவ்வூரிலேயே இயங்கும் தமிழ்நாடு கடல்சார் அகாடமியில் நடத்தலாம். தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கும் மாதங்களில் தோணிகள் கடலுக்குச் செல்லாமல் கட்டிக் கிடக்கும். தொழிலாளர்கள் ஊரில் இருப்பதும், கையில் வேலை இல்லாமல் இருப்பதும் அப்போதுதான். ஆண்டுதோறும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பதிவு, பயிற்சி, தேர்வு மூன்றையும் ஒரே முகாமாக நடத்தும் கால அட்டவணை புதிய விதிகளிலேயே இடம்பெற வேண்டும். அக்காலத்தில் பயிற்சி பெறும் தோணித் தொழிலாளருக்கு உதவித்தொகை வழங்கும் பொறுப்பை மாநில அரசு ஏற்க வேண்டும்.