கிளிக்கு யார் துணை?

“பழம் கொடுக்கிறோம், பேசக் கற்றுத் தருகிறோம், கூண்டுக் கிளிக்கு வேறென்ன குறை?” என்று கேட்கலாம். துணை இல்லாததே குறை. ஜவ்வாது மலைக் கிளிகளைப் பாருங்கள்: கூட்டமாக இரை தேடும், மாலையில் கூட்டமாகவே மரங்களில் அடையும். கூட்டத்தாரின் குரலைக் கற்பது கிளியின் இயல்பு. கூண்டில் இனத்தார் இல்லாததால்தான் நம் குரலைக் கற்கிறது!

2014-இல் வியன்னா ஆய்வாளர்கள் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிகளைச் சோதித்தனர். வயது ஏற ஏறக் குட்டையாகும் குரோமோசோம் முனைகள், ஜோடியாக வளர்ந்தவற்றைவிடத் தனியே வளர்ந்தவற்றில் மேலும் குட்டையாக இருந்தன. தனிமை உடலையும் தேய்க்கிறது போலும்.

நம் நாட்டுக் கிளிகளை வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நீங்கள் பள்ளிக்குப் போனபின் அந்தக் கிளி யாரிடம் பேசும்? திடீரெனத் திறந்துவிட்டால் பிழைப்பது கடினம், வனத்துறையிடம் ஒப்படையுங்கள். இனி, கிளியை மரத்திலேயே கண்டு மகிழ்வோம்.