கண்ட்ரோல்-சி, கண்ட்ரோல்-வி வீரர்கள்

பொட்டி தட்டும் தொழிலில் ஒரு வினோதம் உண்டு. அடுத்தவன் எழுதியதைப் பார்த்து எழுதினால் பரீட்சை ஹாலை விட்டு வெளியே அனுப்புவார்கள். தான் எழுதியதையே பதினான்கு இடத்தில் ஒட்டி வைத்தால் "ஸ்பீடா முடிச்சிட்டாம்ப்பா" என்று பாராட்டி அடுத்த வேலையைக் கொடுப்பார்கள். ராக்கெட்டுக்கோ வீடியோ கேமுக்கோ எழுதுகிற நிரல் ஒருபக்கம் கிடக்கட்டும். பில், சம்பளம், ஸ்டாக், வட்டி என்று ஊர் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிற வியாபார நிரல்களில் ஒட்டப்படும் ஒவ்வொரு நகலும், பின்னால் வருகிறவன் தலையில் கட்டப்படும் கடன்.

ரெடிமேட் துணிக்கடைக்கு எழுதுகிற பில்லிங் புரோகிராமை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தபோது ஆயத்த ஆடைக்கு விதி இதுதான்: ஒரு உருப்படியின் விற்பனை விலை 1000 ரூபாய்க்குள் என்றால் 5 சதவீதம், தாண்டினால் 12 சதவீதம். இரண்டே வரி இஃப்-எல்ஸ். (நிரலின் வரி, அரசாங்கத்தின் வரி அல்ல.) இதற்குப் போய் எவனாவது தனி ஃபங்ஷன் எழுதுவானா? எழுதமாட்டான். பில் போடும் திரையில் அந்த இரண்டு வரி. எஸ்டிமேட் திரையில் அதே இரண்டு வரி. துணி திரும்பி வந்தால் போடும் கிரெடிட் நோட்டில், மாத ரிப்போர்ட்டில், ஆன்லைன் ஆர்டரில்... எல்லாவற்றிலும் அதே.

முதல் விரிசல் ஆடித் தள்ளுபடியில் விழும். 1100 ரூபாய் சட்டைக்கு 10 சதவீதம் தள்ளுபடி போனால் விலை 990. வரி பார்க்க வேண்டியது இந்த 990-க்கு. அதாவது 5 சதவீதம், 49 ரூபாய் 50 காசு. முதலில் எழுதியவர் தள்ளுபடிக்கு முன்னாலேயே விலையைப் பார்த்து 12 சதவீதம் என்று முடிவு செய்திருந்தால் 118 ரூபாய் 80 காசு வரும். கடைக்காரர் சத்தம் போட்டதும் பில் திரையில் சரி செய்துவிடுவார்கள். எஸ்டிமேட் திரை? அது ஒன்று இருப்பதே யாருக்கும் நினைவிருக்காது. வாடிக்கையாளர் இரண்டு சீட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டால், கல்லாவில் நிற்கும் பையன் "சிஸ்டம் அப்படித்தாங்க காட்டுது" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்தது 2025 செப்டம்பர் 22. வரம்பு 2500 ரூபாய் ஆனது. அதற்குள் 5 சதவீதம், தாண்டினால் 18. இப்போது நிரல் முழுக்க 1000 என்று தேடு. அங்கேதான் வேடிக்கை. "1000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் கட்டைப்பை இலவசம்" என்பதும் அதே நிரலில்தான் இருக்கிறது. ரீப்ளேஸ் ஆல் அடித்தால் மறுநாளிலிருந்து 2500-க்கு வாங்குகிறவருக்குத்தான் பை. இன்னொரு புண்ணியவான் 1000 என்று எழுதாமல் 999.99 என்று எழுதியிருப்பார். அது தேடலில் அகப்படவே அகப்படாது.

இதைவிட மோசம் திரும்பி வரும் துணி. செப்டம்பர் 20-ல் 1500 ரூபாய் சட்டையை 12 சதவீதத்தோடு 1680 கொடுத்து வாங்கியவர் 25-ம் தேதி திருப்பிக் கொடுக்கிறார். கிரெடிட் நோட்டில் பழைய 12 சதவீதமே வரவேண்டும். அந்தத் திரையிலும் புது எண்ணை ஒட்டி வைத்திருந்தால் 1575 காட்டும். வாடிக்கையாளருக்கு 105 ரூபாய் நஷ்டம். விலையையும், விற்ற தேதியையும் வாங்கிக்கொண்டு விகிதத்தைச் சொல்லும் ஒரே ஒரு ஃபங்ஷன் இருந்திருந்தால் இந்தக் கூத்து எதுவும் இல்லை. திருத்த வேண்டிய இடம் ஒன்றே ஒன்று.

"நேரமில்லை சார்" என்பார்கள். ஃபங்ஷனாக எழுத ஆகும் கூடுதல் நேரம் அரை மணி. பதினான்கு நகலைத் தேடித் திருத்த ஆகும் நேரத்தை யாரும் கணக்கில் எழுதுவதில்லை, ஏனென்றால் அதைச் செய்கிறவர் வேறு ஆள். "பொது மாட்யூலைத் தொட்டால் எல்லாத் திரையையும் டெஸ்ட் செய்ய வேண்டுமே" என்பது அடுத்த சாக்கு. விதி மாறினால் எல்லாத் திரையையும் டெஸ்ட் செய்யத்தான் வேண்டும். நகல் வைத்திருப்பவர் டெஸ்ட் செய்யாமல் தப்பிக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

இது ஏதோ நேற்று கண்டுபிடித்த ஞானமும் இல்லை. கேம்பிரிட்ஜில் எட்சாக் கணினி 1949-ல் ஓடத் தொடங்கிய காலத்திலேயே சப்ரூட்டீன்களைக் காகித நாடாவில் துளையிட்டு நூலகமாக வைத்திருந்தார்கள். வில்க்ஸ், வீலர், கில் மூவரும் 1951-ல் அதைப் பற்றிப் புத்தகமே போட்டார்கள். 1968-ல் ஜெர்மனியின் கார்மிஷ் மாநாட்டில் டக் மெக்கில்ராய், மென்பொருளையும் தொழிற்சாலை உதிரிபாகம் போலச் செய்து தர வேண்டும் என்று பேசினார். அத்தனைக்கும் பிறகு ஒய்2கே வந்தது. ஆண்டை இரண்டு இலக்கத்தில் வைத்தது முதல் தப்பு. தேதிக் கணக்கு ஒரே இடத்தில் இல்லாமல் இறைந்து கிடந்தது அந்தத் தப்பைப் பெருக்கியது. (அதைப் பொறுக்கியெடுக்கும் வேலையில் நம்மூர்க்காரர்கள் பலர் விசா வாங்கினார்கள் என்பது தனிக்கதை.)

எதிர்த்தரப்பிடம் உருப்படியான வாதம் ஒன்று உண்டு: ஏரியான் 5. ஏரியான் 4-க்கு எழுதிய நிரலை அப்படியே மறுபடி பயன்படுத்தினார்கள். புது ராக்கெட்டின் கிடைவேகம் அதிகம். 64 பிட் எண் 16 பிட்டுக்குள் அடங்கவில்லை. 1996 ஜூன் 4-ல் கிளம்பி நாற்பது நொடிகூட ஆகவில்லை, வெடித்தது. சரி, அங்கே நகலெடுத்து ஒட்டியிருந்தால் மட்டும் பிழைத்திருக்குமா? நகலிலும் அதே ஓட்டைதான். எந்த எல்லைக்குள் வேலை செய்யும் என்று சோதிக்காமல் மாட்யூலை எடுத்து மாட்டக் கூடாது என்பது வேண்டுமானால் சரி. 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்கிற 11 வரி மாட்யூலை அதன் ஆசிரியர் எடுத்துவிட, உலகம் முழுக்க எத்தனையோ புராஜெக்டுகள் பில்ட் ஆகாமல் நின்றதும் நிஜம். 11 வரிக்கு ஊரான் வீட்டை நம்புவது மாட்யூலின் குற்றமில்லை.

ஆனால் மாட்யூல் பைத்தியங்களும் இருக்கிறார்கள். ஒன்பது ட்ரூ-ஃபால்ஸ் வாங்கும் ஒரே ஃபங்ஷனில் சட்டை, செருப்பு, சம்பளம் எல்லாவற்றையும் அடைப்பவர்கள். பார்க்க ஒரே மாதிரி இருப்பதையெல்லாம் சேர்ப்பது மாட்யூல் ஆகாது. டேவிட் பார்னாஸ் 1972-லேயே அளவுகோல் சொல்லிவிட்டார்: எந்த முடிவு பின்னால் மாறக்கூடுமோ, அதை ஒரு மாட்யூலுக்குள் ஒளித்து வை. 2025 செப்டம்பர் வரை வரி வரம்பு 1000, கட்டைப்பை வரம்பும் 1000. எண் ஒன்றுதான், மாற்றுகிறவர் வேறு. முன்னதை ஜிஎஸ்டி கவுன்சில் மாற்றும், பின்னதைக் கடை முதலாளி மாற்றுவார். இரண்டும் தனித்தனியாகத்தான் இருக்க வேண்டும்.

இன்று நகலெடுக்கக் கைகூட வலிப்பதில்லை. ஏஐ-யிடம் கேட்டால் ஒவ்வொரு திரைக்கும் புதிது புதிதாக, ஒன்றுக்கொன்று லேசாக வேறுபட்டு எழுதித் தந்துவிடுகிறது. அச்சு அசலான நகலையாவது தேடிப் பிடிக்கலாம்.

இதற்கெல்லாம் வேர் கல்லூரி லேபில் இருக்கிறது. அவுட்புட் வந்தால் மார்க். ரெக்கார்ட் நோட்டில் கையெழுத்து விழுந்ததும் அந்த நிரல் செத்துப்போகிறது. யாரும் அதை மறுபடி திறப்பதில்லை. கையெழுத்துப் போட்ட அடுத்த வாரம் "வரி விகிதம் மாறிடுச்சு, பத்து நிமிஷத்துல மாத்திக் காட்டுப்பா" என்று ஒரு வாத்தியார் கேட்கட்டும். யாருக்கு ஒரு இடம், யாருக்குப் பதினான்கு இடம் என்று அங்கேயே தெரிந்துவிடும். வைவாவில் பாலிமார்ஃபிசத்துக்கு டெஃபனிஷன் கேட்டு வீணடிக்கிற ஐந்து மார்க்கை இதற்குக் கொடுக்கலாம்.